விழிக்குள் வெளிச்சம் – 11: கணக்கு துலக்கிய படம்

1991 நவம்பர் 22 தேதியிட்ட ‘சயின்ஸ்’ இதழோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். மருத்துவத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர் டேவிட் ஹுவாங், லிங்கன் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் எரிக் ஸ்வான்சன், எம்.ஐ.டி. பேராசிரியர் ஜேம்ஸ் ஃபூஜிமோட்டோ, இன்னும் சிலர் சேர்ந்து எழுதிய கட்டுரை அதில் வந்தது. ‘ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி’ (ஓ.சி.டி.) என்ற பெயரை உலகம் அறிந்தது அந்தக் கட்டுரை வழியாகத்தான். உள்ளே அனுப்பிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு திரும்பி வந்தாலும் தங்கள் கருவி அதைப் பிடித்துவிடும் என்று எழுதினார்கள். உடலுக்கு வெளியே வைத்த விழித்திரையைக் கத்தி படாமல் குறுக்காக வெட்டிக் காட்டினார்கள்.

அந்தப் படத்தையும், இன்று கண் மருத்துவமனையில் சில நொடிகளில் அச்சாகி வரும் ஓ.சி.டி. படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் விழித்திரையின் அடுக்குகளை ஊகிக்கத்தான் முடிகிறது. இரண்டாவதில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனிக் கோடாக ஓடுகிறது. நல்ல ஒளிமூலங்களும் வேகமான கேமராக்களும் வந்தது ஒரு காரணம். ஆனால், ஒளி திரும்பி வந்த பிறகு அதை வைத்துச் செய்யும் கணக்கு மாறியதுதான் பெரிய காரணம் என்பது என் முடிவு. இந்த அத்தியாயம் அந்தக் கணக்கின் கதை.

முதலில் படம் ஏன் அழுக்காக இருந்தது என்று பார்ப்போம். ஒளி 10 மைக்ரான் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை மறுபடியும் கோடியாகப் பிரித்தால் வருவதைப்போலச் சுமார் மூன்று மடங்கு. அதை அளக்கும் கடிகாரம் கிடையாது. எனவே 19-ஆம் நூற்றாண்டில் மைக்கேல்சன் வடிவமைத்த குறுக்கீட்டுமானியிடம் போனார்கள். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் சேர்ப்பது அதன் வழி. இரண்டும் ஒரே தூரம் பயணம் செய்திருந்தால்தான் குறுக்கீடு நடக்கும். கண்ணாடியை நகர்த்த நகர்த்த, ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பது பதிவாகும்.

வரமாக வந்த அந்தக் குறுக்கீடே சாபமாகவும் ஆனது. தெப்பக்குளத்தில் பத்துக் கற்களை ஒரே சமயத்தில் எறிந்தால் அலைகள் ஓரிடத்தில் ஏறி நிற்கும். பக்கத்திலேயே ஓரிடத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். விழித்திரைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. கருவியால் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய துணுக்கு 10 மைக்ரான் என்றால், அதற்குள்ளேயே ஒளியைச் சிதறடிக்கும் நுண்பொருட்கள் பல இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் அலைகள் தங்களுக்குள் கூடியும் கழிந்தும் போவதால், திசுவில் இல்லாத கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் படம் முழுக்கப் பரவிவிடுகின்றன. இதற்கு ‘ஸ்பெக்கிள்’ என்று பெயர். இது வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசு என்றால் துடைத்துவிடலாம். சிக்னலைத் தருகிற அதே இயற்பியல்தான் இதையும் தருகிறது. 1999-ல் ஜோசப் ஷ்மிட்டும் அவருடன் இருவரும் எழுதிய கட்டுரை இந்த இரட்டைக் குணத்தைத் தெளிவாகச் சொன்னது: ஸ்பெக்கிள் இரைச்சலும்தான், திசுவைப் பற்றிய தகவலைச் சுமந்து வருவதும்தான். அந்த வரியை ஒழுங்காகப் படித்தவர்கள் பின்னால் நல்ல வேலை செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1998-ல், இதே ஷ்மிட் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வானியலில் ‘கிளீன்’ என்றொரு கணக்குமுறை உண்டு. சுவீடன் வானியலாளர் யான் ஹாக்போம் 1974-ல் எழுதியது. ரேடியோ தொலைநோக்கிகள் பலவற்றை இணைத்து வானத்தைப் படமெடுக்கும்போது, ஒரே ஒரு நட்சத்திரம்கூடச் சுற்றிலும் பொய் வளையங்களோடு தெரியும். ஹாக்போம் செய்த வழி எளிமையானது. படத்தில் மிகப் பிரகாசமான புள்ளியைத் தேடு. ஒற்றைப் புள்ளியைக் கருவி எப்படிக் காட்டும் என்பது முன்பே தெரியுமாதலால், அந்த வடிவத்தில் ஒரு சிறு பங்கை அந்த இடத்திலிருந்து கழி. மிச்சத்தில் அடுத்த பிரகாசமான புள்ளியைத் தேடு. மிச்சமாக இரைச்சல் மட்டும் நிற்கும்வரை இதையே திரும்பச் செய். கடைசியில், கண்டுபிடித்த புள்ளிகளை மட்டும் சுத்தமான வடிவத்தில் திரும்ப வை. விண்மீன்களுக்காக எழுதிய இந்த முறையை உயிருள்ள திசுவின் ஓ.சி.டி. படத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார் ஷ்மிட். அங்கும் இங்கும் கருவி குறுக்கீட்டுமானிதான் என்பதால் கணக்கு இடம் மாறியும் செல்லுபடியானது. 1997-ல் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் இஸாட் குழுவும் இதற்கு நெருங்கிய முயற்சி ஒன்றைச் செய்திருந்தது: கருவி படத்தில் ஏற்றிய மங்கலைக் கணித வழியில் திருப்பி எடுப்பது.

இவை கட்டுரைகளாக நின்றன; மருத்துவமனைக்குள் பெரிதாக நுழையவில்லை. மங்கலைத் திருப்பி எடுக்கும் எந்தக் கணக்குக்கும் ஒரு விலை உண்டு: சிக்னல் பலவீனமாக இருந்தால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். அன்றைய சிக்னல் பலவீனம்தான். 2002-ல் கடைக்கு வந்து உலகெங்கும் பரவிய ‘ஸ்ட்ராடஸ்’ கருவிகூட நொடிக்கு 400 ஆழக்கோடுகளையே (ஒவ்வோர் இடத்திலும் ஆழவாக்கில் ஒரு கோடு) எடுத்தது. ஒரு படம் முடிவதற்குள் நோயாளியின் கண் அசைந்துவிடும். கணக்கு போடத் தயாராக இருந்தவர்களுக்குப் போதிய சரக்கு கையில் இல்லை.

சரக்கு வந்தது வியன்னாவிலிருந்தும் போலந்திலிருந்தும். ஓ.சி.டி. என்ற பெயர் பிறக்கும் முன்பே, 1980-களில், கண்ணின் நீளத்தை ஒளிக் குறுக்கீட்டால் அளந்தவர் வியன்னாவின் அடால்ஃப் ஃபெர்ஷர். 1995-ல் அவரும் கிறிஸ்டோஃப் ஹிட்சன்பெர்கர் முதலான தோழர்களும் வேறொரு வழியைக் காட்டினார்கள். கண்ணாடியை நகர்த்தவே வேண்டாம். திரும்பி வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் போதும். மேலோட்டமான அடுக்கிலிருந்து வந்த ஒளி அந்த நிறமாலையில் அகலமான வரிகளைப் போடும். ஆழத்திலிருந்து வந்தது நெருக்கமான வரிகளைப் போடும். எல்லா ஆழங்களின் வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பது ஃபூரியர் உருமாற்றத்தின் வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய கருவியில் கணக்கு இல்லாமலேயே படம் இருந்தது. கணக்கு அதை மெருகேற்றியது. புதிய கருவியில் கணக்கு போடும்வரை படமே கிடையாது. கேமராவில் விழுவது வெறும் வரிகள். விழித்திரை கணினிக்குள்தான் முதன்முதலாக உருவாகிறது. படத்தைத் துலக்குவது என்பது இதற்குப் பிறகு ஒட்டுவேலை இல்லை, படமெடுப்பதன் பாதி.

கோபர்நிக்கஸ் பிறந்த ஊரான தோருனில், அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில், மாச்சேய் வொய்ட்கோவ்ஸ்கியும் ஆந்த்ஷேய் கோவால்சிக்கும் வியன்னாக்காரர்களோடு சேர்ந்து 2002-ல் இந்த வழியில் உயிருள்ள மனிதக் கண்ணின் விழித்திரையைப் படமெடுத்தார்கள். மறுவருடம், 2003-ல், மூன்று குழுக்கள் தனித்தனியே ஒரே உண்மையை அறிவித்தன: வியன்னாவில் லெய்ட்கெப், ஹிட்சன்பெர்கர், ஃபெர்ஷர், பாஸ்டனில் யோஹான்னஸ் டி போயர் குழு, டியூக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சோமாவும், கிளீவ்லாந்திலிருந்து அங்கே போயிருந்த இஸாட்டும். நிறமாலை வழியின் உணர்திறன் பழைய வழியைவிட நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்குவரை கூடுதல் என்றன அந்தக் கட்டுரைகள். பழைய கருவி ஒரு சமயத்தில் ஓர் ஆழத்தை மட்டும் கேட்டு, மற்ற ஆழங்களின் ஒளியை இரைச்சலாக வீணடித்தது. புதியது எல்லா ஆழங்களையும் எப்போதும் கேட்கிறது. லாபத்தின் காரணம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டே பாஸ்டன் குழு நொடிக்கு 29 படம் என்ற வேகத்தில் விழித்திரையை வீடியோவாக எடுத்துக் காட்டியது.

புதிய வழி தன்னோடு புதிய சிக்கல்களையும் கொண்டுவந்தது. நிறமாலைமானி ஒளியை அலைநீளத்தின்படி சம இடைவெளியில் பரப்புகிறது. ஃபூரியர் உருமாற்றம் கேட்பதோ அலைநீளத்தின் தலைகீழான அலை எண்ணில் சம இடைவெளி. இதைக் கவனிக்காமல் உருமாற்றினால் மேல் அடுக்குகள் ஓரளவு தப்பிக்கும். ஆழமாகப் போகப் போகக் கோடுகள் தடித்து மங்கும். எனவே ஒவ்வொரு கோட்டையும் உருமாற்றுவதற்கு முன் புள்ளிகளை இடைமதிப்பிட்டுப் புதிய இடைவெளியில் மாற்றி அடுக்குகிறார்கள். எந்த விளம்பரத்திலும் வராத வேலை இது. இது இல்லையேல் இன்றைய தெளிவில்லை.

இன்னொன்று நிறப்பிரிகை. அடுக்குகளை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க அகலமான நிறமாலை கொண்ட ஒளி வேண்டும். மனிதக் கண்ணின் நீளமோ சுமார் 24 மில்லிமீட்டர், பெரும்பகுதி தண்ணீர். தண்ணீருக்குள் ஒவ்வோர் அலைநீளமும் ஒவ்வொரு வேகத்தில் போவதால், சேர்ந்து கிளம்பிய அலைகள் முன்னும் பின்னுமாக வந்து சேரும். கூர்மையாக விழ வேண்டிய கோடு பரந்து விழும். கண்ணாடி இருக்கும் பக்கத்திலும் அதே அளவு தண்ணீரையும் கண்ணாடிக் கட்டிகளையும் வைத்து ஈடுகட்டிப் பார்த்தார்கள். ஆனால் எல்லோர் கண்ணும் ஒரே நீளமா? ஒருவருக்குப் பொருந்திய கட்டி அடுத்தவருக்குப் பொருந்தாது.

ஃபெர்ஷர் குழு 2001-ல் இந்த ஈட்டைக் கணக்கிலேயே செய்யலாம் என்று காட்டியது. 2003-ல் இல்லினாயில் டேனியல் மார்க்ஸும் ஸ்டீபன் போப்பார்ட்டும் படத்தின் கூர்மையைத் தானே தேடிப்போகும் முறையைச் சேர்த்தார்கள். 2004-ல், அப்போது எம்.ஐ.டி.யில் ஃபூஜிமோட்டோவோடு இருந்த வொய்ட்கோவ்ஸ்கி அதை விழித்திரைக்குப் பொருத்தினார். நிறமாலையின் அலைக்கட்டத்தில் இரண்டே இரண்டு எண்களைத் திருத்துவது, திருத்தியதும் படம் எவ்வளவு கூர்மை என்று அளப்பது, கூர்மை உச்சத்துக்கு வரும்வரை எண்களை மாற்றுவது. கிடைத்த பகுதிறன் 2.1 மைக்ரான், வேகம் நொடிக்கு 16,000 ஆழக்கோடுகள். இந்தத் திருத்தத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தகவல் எதுவும் தொலைந்திருக்கவில்லை, குழம்பித்தான் இருந்தது. எப்படிக் குழம்பியது என்பது இயற்பியலில் தெரியும். தெரிந்த வழியில் திரும்பி நடந்தார்கள். இல்லாத எதையும் படத்தில் போடவில்லை.

இனி ஸ்பெக்கிளுக்கு வருவோம். அதற்குப் பழைய மருந்தே கைகொடுத்தது: ஒரே இடத்தைப் பல முறை எடுத்துச் சராசரி பார்ப்பது. 2005-ல் டென்மார்க்கின் பிர்கிட் சாண்டர் குழு பல ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திச் சராசரி எடுத்து, தனிப் படத்தில் தெரியாத அடுக்கு எல்லைகளை வெளியே கொண்டுவந்தது. இரைச்சல் படங்களின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்தின்படி குறையும். 100 படம் எடுத்தால் பத்தில் ஒரு பங்காகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கண் இம்மியும் அசையாமல் இருந்தால் நூறு படத்திலும் ஸ்பெக்கிள் அதே இடத்தில் அப்படியே விழும். சராசரி எடுத்தாலும் போகாது, கேமராவின் இரைச்சல் மட்டும் குறையும். படத்துக்குப் படம் ஒளி விழும் இடம் மைக்ரான் கணக்கில் விலகினால்தான் புள்ளிகள் இடம் மாறி ஒன்றையொன்று அழிக்கும். உயிருள்ள கண் எப்போதும் மெல்ல நடுங்கிக்கொண்டே இருப்பதால் இந்த உதவி இலவசமாகக் கிடைத்தது. படமெடுப்பவர்களின் எதிரி என்று எண்ணியிருந்த அசைவு, அளவோடு இருந்தபோது துணையாக நின்றது. பெரிய அசைவுகளைச் சமாளிக்க, ஹைடல்பெர்க் நிறுவனத்தின் ‘ஸ்பெக்ட்ராலிஸ்’ கருவி இன்னொரு லேசர் கற்றையால் கண்ணைத் தொடர்ந்தபடியே படங்களைச் சேர்த்தது.

இந்தச் சராசரி மருத்துவத்தையே மாற்றிய கதை ஒன்று உண்டு. விழித்திரைக்கு அடியில் கோராய்டு என்ற இரத்தநாளப் படலம் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள நிறமி அடுக்கு ஒளியைத் தடுத்துவிடுவதால், ஓ.சி.டி. படங்களில் அது வெறும் நிழலாகவே இருந்தது. நியூயார்க்கின் ரிச்சர்ட் ஸ்பெய்டும் இரு தோழர்களும் 2008-ல் கருவியைக் கண்ணுக்கு வழக்கத்தைவிட நெருக்கமாகத் தள்ளினார்கள். படம் தலைகீழாக வந்தது. ஆனால் கருவியின் உணர்திறன் உச்சமாக இருக்கும் பகுதி இப்போது கோராய்டின் மேல் விழுந்தது. அதோடு பல படங்களின் சராசரியையும் சேர்த்ததும் அடிப்படலம் முழுதும் தெரிந்தது. ஆரோக்கியமான கண்களில் அதன் தடிமன் சராசரியாக 287 மைக்ரான் என்று பின்னர் அளந்தார்கள். விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி நோயாளிகளிடம் 2009-ல் அளந்தபோது கிடைத்தது 505 மைக்ரான். நீர் தேங்குவது விழித்திரையில். வீங்கியிருப்பது அதற்கு அடியில். இதைப் படத்தில் பார்க்க முடிந்ததே துலக்கிய கணக்கால்தான்.

சராசரிக்கு நேரம் வேண்டும். அதைத் தவிர்க்க ஒற்றைப் படத்தையே வடிகட்டும் முறைகள் நூற்றுக்கணக்கில் வந்தன: இடைநிலை வடிகட்டி, அலைத்துணுக்கு முறை, டியூக் பல்கலைக்கழகத்தில் சினா ஃபர்சியு குழு 2012-ல் செய்த அகராதி முறை. சில நன்றாகவே வேலை செய்கின்றன. பொதுவாக இவற்றின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து வழவழப்பாக்கும்போது இரைச்சலோடு மெல்லிய சவ்வும், சின்னஞ்சிறு நீர்க்கட்டியும் கரைந்துவிடலாம். துலக்குவது வேறு, பூசி மினுக்குவது வேறு.

இல்லினாயின் போப்பார்ட்டும் ஸ்காட் கார்னியும் 2007-ல் எடுத்த பாதை துலக்கும் வகையைச் சேர்ந்தது. லென்ஸின் குவியம் ஓர் ஆழத்தில்தான் கூர்மை. மேலும் கீழும் மங்கல். 1951-ல் கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர், பறக்கும் விமானத்தின் சிறிய ஆன்டெனா வாங்கிய எதிரொலிகளைச் சேர்த்து மிகப் பெரிய ஆன்டெனாவின் கூர்மையைப் பெறும் ரேடார் வழியைக் கண்டிருந்தார். அதே கணிதத்தை ஓ.சி.டி.க்குக் கொண்டுவந்தது இல்லினாய் குழு. அலைக்கட்டம் பத்திரமாகப் பதிவாகியிருந்தால், குவியத்துக்கு வெளியே உள்ள ஆழங்களையும் கணினியே கூர்மையாக்கிவிடும். 2012-ல் ஒரு படி மேலே போனார்கள். வளிமண்டலம் படத்தில் ஏற்படுத்தும் குலைவைச் சரிசெய்ய வானியலாளர்கள் வளையும் கண்ணாடிகளை வைப்பார்கள்; லென்ஸின் குறைகளைச் சரிசெய்ய, அந்தக் கண்ணாடியின் வேலையைப் படமெடுத்த பிறகு எண்களாலேயே செய்து காட்டினார்கள்.

கடைசியாக ஆழ் கற்றல். 2015-ல் ஃப்ரைபுர்க்கில் உருவான ‘யூ-நெட்’ போன்ற வலைப்பின்னல்களுக்கு இரைச்சலான ஒற்றைப் படத்தையும், அதே இடத்தின் சராசரிப் படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பழக்குகிறார்கள். பழகியபின் ஒற்றைப் படத்தைக் கொடுத்தால் சராசரி போன்ற படத்தை நொடியில் தருகிறது. அசையாமல் உட்கார முடியாத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் வலைப்பின்னல் தருவது தான் முன்பு பார்த்த கண்களை வைத்துச் செய்த ஊகம். பார்க்காத நோய் வந்தால், ஆரோக்கியமான அடுக்கையே வரைந்து வைக்கும் ஆபத்து உண்டு. நிறப்பிரிகைத் திருத்தத்தில் இந்த ஆபத்து இல்லை; சராசரியிலும் இல்லை. எனவே வலைப்பின்னல் தந்த படத்தோடு துலக்காத மூலப்படமும் மருத்துவர் கண்முன் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2017-ல் அமெரிக்காவின் ரஸ் பரிசு ஃபெர்ஷர், ஹிட்சன்பெர்கர், ஹுவாங், ஸ்வான்சன், ஃபூஜிமோட்டோ ஐவருக்கும் கிடைத்தது. 2023-ல் லாஸ்கர் விருது பின்னவர் மூவருக்கும். தோருனின் பெயர் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ ஓ.சி.டி. எடுத்தால், அறிக்கையின் ஓரத்தில் சிக்னல் வலிமை என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். பத்துக்கு இத்தனை என்று காட்டும் ‘சிர்ரஸ்’ போன்ற கருவிகளில் அது 6-க்குக் கீழே இருந்தால், இன்னொரு முறை எடுக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். கண் உலர்ந்திருந்தால் இமைத்துக்கொண்டு, கருவிக்குள் தெரியும் குறியையே பாருங்கள். வராத ஒளியை எந்தக் கணக்காலும் வரவழைக்க முடியாது.

அடுத்த இதழில்: ஸ்பெக்கிள் புள்ளிகளின் துடிப்பை வைத்தே, சாயம் ஏற்றாமல் விழித்திரையின் இரத்த ஓட்டத்தைப் படமாக்கிய கதை. 2012-ல் போர்ட்லாந்தில் யாலி ஜியாவும், நாம் 1991-ல் மாணவராகச் சந்தித்த அதே டேவிட் ஹுவாங்கும் செய்தது.